சத்தமே போடாத கார்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுபவர் அவர். கரி படிந்த விரல்கள், ஆனால் ஒரு மடிப்பும் கலையாத வெள்ளைச் சட்டை. காதில் பாட்டு விழாமல் இஸ்திரிப் பெட்டியைத் தொடமாட்டார்.

விசாகப்பட்டினம் துறைமுகத்தில் எனக்கு ஒரு மாத வேலை வந்தது. அவர் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் என் காரின் சாவியை அவரிடம் கொடுத்து, வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்த மறுநாள், மனைவியையும் பிறந்த குழந்தையையும் ராயபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வர வேண்டும். சாவியைத் திருப்பினால் கார் முனகக்கூட இல்லை. பேட்டரி இறங்கிவிட்டது.

“ஸ்டார்ட் பண்ணவே இல்லியாண்ணா?”

“இன்னா நைனா இப்டி கேக்குற? வாரத்துக்கு ஒரு தபா சொன்ன, நான் டெய்லி அர மணி நேரம் போட்டேன். சாவிய ஒரு திருப்பு, லைட்டு எரியும், பாட்டு பாடும். சத்தமே கெடையாது. இந்த மாரி வண்டி ஏரியாவுலயே இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறேன்!”

ஒருநாளும் அவர் இன்ஜினைக் கிளப்பவில்லை. ரேடியோவைத்தான் ஓட்டியிருக்கிறார்.

மெக்கானிக் வந்து, வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பினார். இன்ஜின் உறுமியது. இஸ்திரிக்காரர் திடுக்கிட்டுப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“நல்லா இருந்த வண்டிய கெட்த்துட்டான் பாரு நைனா!”

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. கிண்டலா, நிஜமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போனபோதும் சாவியை அவரிடம்தான் கொடுத்தேன், கூடவே ஒரு சின்ன ரேடியோவையும்.