சாக்கு

எங்கள் கம்பெனியில் மாதம் ஒருமுறை உற்சாகம் ஊட்டுகிறார்கள். எங்கள் ஊர் நாங்குநேரிப் பக்கம் சொன்னால் சிரிப்பார்கள். ஓசூரில் அதுவும் ஷிஃப்ட்டில் சேர்த்தி. கோட்டு போட்ட ஒருவர் வந்து, "உங்களை ஓட வைக்கிற சக்தி எது?" என்று கேட்பார். அம்மா, தம்பி படிப்பு, சொந்த வீடு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. என்னை ஓட வைத்தது ஒரு சொல். அதுவும் நான் தப்பாகக் கேட்ட சொல்.

வந்த புதிதில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் லைனில் நின்றேன். கட்டியதெல்லாம் ரிஜெக்ட். லைன் லீடர் அக்கா ஜூஜுவாடி எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்காரர், வீட்டில் கன்னடம். ஒயர் முரடு, வெளிச்சம் போதவில்லை, ஊரில் இதெல்லாம் தொட்டதே இல்லை என்று அவரிடம் அழுதுகொண்டே அடுக்கினேன். கையை உயர்த்தி, "சாக்கு, சாக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் சாக்கு சொல்கிறேனாமே! இனி செத்தாலும் உன்னிடம் ஒரு சாக்கு சொல்லமாட்டேன், ரிஜெக்ட் போடுகிற அந்தச் செக்கிங் டேபிளிலேயே உட்கார்ந்து காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டேன். காய்ச்சலோடும் வேலைக்கு வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் போன் செய்தான். "அப்பாவுக்கு ரொம்ப மூச்சு எரைக்கு. ஒன்னையத்தான் கேக்காவ. ஒரு எட்டு வந்துட்டுப் போ." அக்கா முன்னால் போய் நின்றேன். லீவுக்காக, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பார்! "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்லக்கா" என்று திரும்பிவிட்டேன். அந்த வாரமே அப்பா போய்விட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

காரியம் முடிந்து திரும்பியபின் ஒருநாள் கேண்டீனில், சாம்பார் ஊற்ற வந்தவரிடம் அக்கா தட்டின் மேல் கை வைத்து, "சாக்கு" என்றார். அவரும் நிறுத்திக்கொண்டார்.

"அப்படின்னா என்னக்கா?"

"போதும்னு அர்த்தம்மா, கன்னடத்துல. நீ அன்னிக்கு அழுதுட்டே இருந்தியே, போதும், அழுவாதன்னு சொன்னேனே."

யார்மேல் கோபப்படுவது? கோபப்பட ஆள் இல்லாமல் போன பிறகும் ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. இப்போது செக்கிங் டேபிளில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அம்மா இரண்டாம் முறை குழம்பு ஊற்ற வந்தாள். ஓசூரில் பழகிய வாய். தட்டின் மேல் கை வைத்து, "சாக்கு" என்றேன்.

அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். "என்னட்டி சாக்கு? அப்பாவப் பாக்க வராததுக்கா? இப்பமாவது சொல்லு."

எந்தப் பாஷையில் சொல்வது? கையை எடுக்கத் தோன்றவில்லை. குழம்பு என் புறங்கையில் சொட்டிக்கொண்டிருந்தது.