ஈரத்துக்குக் கழிவு

1. உடைந்த மெஷின்

கேம்ப் தொடங்கும் முன்பே எங்கள் எடை மெஷினை எங்கள் டாக்டரே உடைத்துவிட்டார். பந்தலூருக்கு அப்பால் ஒரு டீ எஸ்டேட்டில் ரத்ததான கேம்ப். டிரைவர் சாமான்களை இறக்கி ஜீப் கதவுக்குக் கீழே வைத்திருந்தார். டாக்டருக்குக் கால் எட்டவில்லை. மெஷினைப் படி என்று நினைத்து மிதித்து இறங்கினார். நல்ல மனிதர்தான், நல்ல கனமும்தான். முள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அப்புறம் அசையவே இல்லை.

நான் ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியனாக இருந்தவள். எஸ்டேட்காரர்கள் என்னை ஊசியம்மா என்பார்கள். நான் நர்ஸ் இல்லை என்று ஆரம்பத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

எடை பார்க்காமல் ரத்தம் எடுக்க முடியாது. நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே இருப்பவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும், அதுதான் விதி. அதற்காகக் கேம்ப்பை ரத்து செய்யவும் முடியாது. அந்த எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் செல்வி பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். கர்ப்பப்பையில் கட்டி, மாதக்கணக்காக உதிரப்போக்கு. அவளுடையது பி நெகட்டிவ், சுலபத்தில் கிடைக்காத வகை. பொருத்தமான ரத்தம் எங்கள் ஃபிரிட்ஜில் இல்லை, அவள் சொந்தக்காரர்களிடமும் இல்லை. ஒரு பையாவது கையில் இருந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்று சர்ஜன் ஆபரேஷனை இரண்டு தடவை தள்ளிப் போட்டிருந்தார். எஸ்டேட் முழுக்கச் சலித்துப் பார்த்தாவது ஒருவரைப் பிடிக்க வேண்டும் என்றுதான் நாங்கள் வந்திருந்தோம்.

கொழுந்து எடை போடும் ஷெட்டில்தான் கேம்ப். அங்கே சாக்கு ஏற்றும் மேடைத் தராசு ஒன்று இருந்தது. அதைக் காட்டி, "இது போதுங்களா அம்மணி?" என்று கேட்டபடி வந்தார் பழனிசாமி. எஸ்டேட் கணக்கப்பிள்ளை. மேட்டுப்பாளையம் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள், ஆனால் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர், காலில் பூட்ஸ், இடுப்பில் டார்ச் என்று பார்ப்பதற்கு இரண்டு ஆள் போல இருப்பார். கொழுந்துக்கு எடை போடுவது அவர் வேலை என்பதால் மனிதர்களுக்கும் அவரே போடட்டும் என்று விட்டேன்.

2. நாற்பத்து மூன்று

முதல் பெண் ஏறினாள். பழனிசாமி சத்தமாக நாற்பத்து மூன்று என்றார். திருப்பி அனுப்பினோம். அடுத்தவள் நாற்பத்திரண்டு. அவளையும் அனுப்பினோம். மூன்றாவதாக வந்த அம்மாள் ஷெட் வாசலில் நின்றபோது வெளிச்சமே மறைந்தது. அவளுக்கும் நாற்பத்து நாலு என்றார்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நானே முள்ளைப் பார்த்தேன். நாற்பத்தெட்டு காட்டியது.

எப்படிக் குறைந்தது என்று கேட்டேன். அவருக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ரெண்டு கழிச்சுப் போட்டனுங்க. தராசுல எது ஏறுனாலும் வாய் தானாக் கழிச்சுப்போடுதுங்க அம்மணி."

ஷெட்டே சிரித்தது. திரும்பிப் போன இருவரையும் கூப்பிட்டு மறுபடி ஏற்றினோம். சிரிக்காமல் நின்றவள் ஒருத்திதான், செல்வியின் அக்கா முத்துமாரி. அப்பா அம்மாவோடு சின்ன வயதில் இலங்கையிலிருந்து வந்தவள். காலையிலிருந்து என் மேஜையை விட்டு நகரவில்லை. பழனிசாமிக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னாள்: மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கும், கழித்தால் நியாயம், வெயில் நாளிலும் இவர் ஈரத்துக்கென்று கழித்துக் கூலியைக் குறைக்கிறார், கேட்டால் வழக்கம் என்கிறார். பழனிசாமி கூரையில் ஏதோ ஒட்டடை இருப்பதுபோல் மேலே பார்த்தார்.

3. மூன்று பொட்டு

எடை சரியாக இருந்தால் அடுத்தது விரல் நுனியில் ஒரு குத்து. அந்தச் சொட்டை நீலத் தண்ணீரில் விடுவேன். மூழ்கினால் ரத்தத்தில் சத்து இருக்கிறது, மிதந்தால் இல்லை. அன்றைக்குப் பாதிப் பேருக்கு மிதந்தது. அவர்களுக்கு ரத்தம் எடுப்பதில்லை, மாத்திரைதான் கொடுப்போம். அடுத்தபடியாகச் சிலைடில் மூன்று பொட்டு வைத்து மருந்து விட்டு வகை பார்ப்பேன். முத்துமாரி ஒவ்வொரு சிலைடையும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நடுப்பொட்டு மட்டும் திரிந்தால் தங்கச்சியின் வகை என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். வரிசை குறையக் குறைய அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

பழனிசாமி இதற்குள் கட்டில் பக்கம் போய், படுத்திருக்கிறவர்களுக்குத் தைரியம் சொல்ல ஆரம்பித்திருந்தார். எறும்பு கடித்த மாதிரிதான் இருக்குமாம். எத்தனை தடவை கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மஃப்ளரை இறுக்கிக்கொண்டார். அப்படியென்றால் விரலையாவது நீட்டுங்கள் என்றேன். அத்தனை பெண்களுக்கு நடுவில் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? நீட்டினார், கண்ணை மூடிக்கொண்டு.

அவர் சொட்டு நன்றாக மூழ்கியது. சிலைடை ஆட்டினேன். முதல் பொட்டு திரியவில்லை. நடுப்பொட்டு திரிந்தது. மூன்றாவது அப்படியே இருந்தது.

முத்துமாரி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

பழனிசாமியைத் தராசில் ஏற்றினோம். நாற்பத்தொன்பது. உடனே அவருக்குப் பழைய ஞானம் திரும்பிவிட்டது. ஸ்வெட்டர், மஃப்ளர், பூட்ஸ் எல்லாம் சேர்ந்த எடை இது, கழிக்க வேண்டும் என்றார். நியாயம்தான். எல்லாவற்றையும் கழற்றினார், டார்ச் உட்பட. நாற்பத்தேழு.

"காத்தால ஒரு சொம்புத் தண்ணி குடிச்சிருக்கறனுங்க," என்றார். "ஈரத்துக்கு மூணு போச்சுன்னா நாப்பத்தி நாலுங்க. விதிப்படி நான் குடுக்க முடியாதுங்களே."

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. முத்துமாரிதான் முன்னால் வந்தாள்.

"ஈரத்துக்குக் கழிவு உண்டுன்னா நீங்க தராசை விட்டு எறங்கிப் போகலாம் ஐயா. இம்புட்டு வெயில்ல ஈரமே இல்லன்னா, கழிவு கெடையாதுன்னு உங்க வாயால சொல்லுங்க. என் தங்கச்சி சாகக் கெடக்குறா."

4. துணி மறைப்புக்குப் பின்னால்

ரத்தம் மிரட்டி வாங்கும் பொருள் இல்லை. நான் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, அவரைப் பெட்ஷீட் மறைப்புக்குப் பின்னால் உட்கார வைத்தேன். விருப்பம் இல்லை என்றால் பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லுங்கள் போதும், காரணம் சொல்லாமல் நானே உங்களைத் தகுதி இல்லை என்று அனுப்பிவிடுகிறேன் என்றேன். நம்பாமல் பார்த்தார். நிஜமாகவே அனுப்பியிருப்பேன். பயந்து நடுங்கும் ஆளைப் படுக்க வைத்தால் மயங்கி விழுவான், அது எனக்கும் கஷ்டம்.

"வலிக்குங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

வலிக்கும் என்றேன். ஊசி நுழையும்போது சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். பிறகு கையில் ஒரு பந்தைக் கொடுப்பேன், அமுக்கி அமுக்கி விட வேண்டும். அரட்டை அடித்து முடிப்பதற்குள் பை நிறைந்துவிடும். உடனே துள்ளி எழுந்தால் தலை சுற்றும், அதனால் கொஞ்சம் படுத்திருந்து டீயும் பிஸ்கட்டும் சாப்பிட வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். அன்றைக்குக் கனம் தூக்கக் கூடாது. போன ரத்தம் உடம்பில் திரும்ப ஊறிவிடும், ஆள் இளைத்துப்போக மாட்டீர்கள்.

எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, இன்னும் தயங்கினார்.

"என்ற ரத்தம் ஏறுனா அந்தப் புள்ளைக்கு என்ற கொணம் வந்துருமுங்களா?"

வராது, வந்தாலும் எடை போடும்போது உங்களுக்குத்தான் கஷ்டம் என்றேன். அப்போதுதான் சிரித்தார். பிறகு எழுந்து, மறைப்பை விலக்கி, வாசலில் நின்ற பெண்களிடம் சொன்னார்.

"நாப்பத்தேழு கிலோ. முழு எடை. வெயில் நாள்ல கழிவு கெடையாது."

சொல்லிவிட்டு வந்து கட்டிலில் படுத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, எப்போது குத்துவீர்கள் என்று கேட்டார். பை அதற்குள் பாதி நிறைந்திருந்தது.

5. சாயங்கால எடை

நாங்கள் ஜீப்பில் சாமான் ஏற்றும்போது கொழுந்துச் சாக்குகள் வந்துவிட்டன. பழனிசாமி கையில் பிளாஸ்திரியோடு தராசுப் பக்கம் போனார். கனம் தூக்கக் கூடாது என்று நான் அங்கிருந்தே கத்தினேன். முத்துமாரி வந்து, மத்தியானத்துக்கு மேல் பறித்த தன் சாக்கைத் தானே தூக்கி வைத்தாள். அவர் முள்ளைப் பார்த்தார். சாக்குக்கு ரெண்டு என்று கழித்தார். அப்புறம் வாய் பழக்கத்தில் இன்னும் ஒரு முறை திறந்தது. முத்துமாரி அவர் பிளாஸ்திரியைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லை. வாயை மூடிக்கொண்டு அடுத்த சாக்கைக் கூப்பிட்டார்.

அவர் ரத்தம் எல்லா டெஸ்டிலும் தேறியது, செல்விக்கும் பொருந்தியது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

இந்தக் கேம்ப்பிலிருந்து நான் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டேன். முதல் தடவை வருகிறவர்களிடம் வலிக்காது என்று பொய் சொல்லக் கூடாது. என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டால் முக்கால் பயம் போய்விடும். இன்னொன்று, எடை மெஷினை மடியில் வைத்துக்கொண்டுதான் ஜீப்பில் போக வேண்டும். டாக்டர் இறங்கிய பிறகே அதைக் கீழே வைப்பேன்.

அடுத்த வருஷம் அதே ஷெட்டில் கேம்ப். பழனிசாமி வரிசையில் முதல் ஆளாக வந்து, ஸ்வெட்டர் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு நின்றார். சாயங்காலம் செல்வி சாக்கோடு வந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. சாக்கைத் தராசில் வைத்துவிட்டு அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"என் ஒடம்புல ஓடுறது உங்க ரத்தம் ஐயா, சாகுற மட்டும் மறக்க மாட்டேன். ஆனா இந்தச் சாக்குல இருக்கிறது என் கொழுந்து. பாத்துக் கழிங்க."