இறங்க மறுத்த லிஃப்ட்காரர்

என் கொழுந்தனார் முப்பத்தெட்டு வருஷம் வெளிநாட்டில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தார். அங்கே ஒரு நகரத்தில் பாதிப் பேரை மேலே ஏற்றிக் கீழே இறக்கியவர், ஓய்வு பெற்றதும் அந்த நாட்டிலேயே வாங்கியது எழுபத்தொரு படி ஏறிப் போக வேண்டிய மலைச்சரிவு வீட்டை. லிஃப்ட் வைக்க வழியே இல்லாத வீடு. "காலமெல்லாம் இருட்டுக் குழிக்குள்ள வேலை பாத்தாச்சு அண்ணி, இனிமே கொஞ்சம் வெளிச்சத்துல இருக்கேன்" என்று அப்போது போனில் சொன்னார். அந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காது என்பதை அவர் சொல்லவில்லை. அதை அவர் மனைவி சொன்னாள். அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

தொழில் அவரை விட்டதே இல்லை. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்பார். மகளுக்கு வரன் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் பேசிக்கொண்டிருக்க, இவர் மொட்டை மாடியில் மோட்டார் அறையைப் பார்த்துவிட்டு வந்து, "எண்ணெய் எல்லாம் ஒழுங்கா போட்டிருக்காங்க. நல்ல மனுஷங்க, முடிச்சிடலாம்" என்றாராம். முடித்தார்கள். அந்த மகள் சுகமாகத்தான் இருக்கிறாள்.

என் மகளுக்குத் துணையாக மூன்று மாதம் அந்த நாட்டுக்குப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து, இரண்டு மணி நேரம் வளைந்து வளைந்து ஏறி, கொழுந்தனாரைப் பார்க்கப் போனேன். பதினான்கு மாதத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் தளர்ந்துவிட்டன. பேச்சு தெளிவுதான், ஆனால் வார்த்தை வர நேரமாகும்.

மூத்த மகன் ரோட்டுக்கே வந்து என் பையை வாங்கிக்கொண்டான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆபத்துகளைக் கணக்கிடுவது அவன் வேலை. பத்தாவது படியில் மூச்சு வாங்க நின்றவன், விஷயத்தையும் அங்கேயே சொல்லிவிட்டான்.

"பெரியம்மா, சரியான நேரத்துக்கு வந்தீங்க. திங்கக்கிழமை முதியோர் இல்லத்துலேர்ந்து ஒரு அம்மா வந்து அப்பாவைப் பாத்துட்டு எழுதிட்டுப் போவாங்க. அவங்க சரின்னா அடுத்த வாரமே சேத்துடலாம். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பார்."

"ஏன், வீட்டுல என்ன கஷ்டம்?"

"அப்பா இறங்க மாட்டேங்கறார். ஏறுறார், இறங்க மாட்டேங்கறார். ஆஸ்பத்திரிக்கு நாலு பேரு நாற்காலியில தூக்கிட்டு இறங்கறோம். திரும்பி வரும்போது விறுவிறுன்னு அவரே ஏறிடறார். இது உடம்புப் பிரச்சனை இல்ல பெரியம்மா, மனசுப் பிரச்சனை. ஆலோசகர்கிட்ட வீடியோவுல ஆறு தடவை பேச வெச்சாச்சு. அந்த இல்லத்துல எல்லா மாடிக்கும் லிஃப்ட் இருக்கு. அப்பாவுக்கு லிஃப்ட்னா உயிராச்சே!"

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் உண்மையான பாசம் இருந்தது. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

மருமகள் வாசலில் நின்றாள். வீடு முழுக்கப் பாதுகாப்பு. மேசை முனைகளில் பஞ்சு ஒட்டியிருந்தது. கூடத்தில் கேமரா. சுவரில் யார் எப்போது மாத்திரை கொடுக்க வேண்டும் என்று நான்கு வண்ணத்தில் ஒரு அட்டவணை. குடும்பத்தின் போன் குழுவில் பதினோரு பேர் இருந்தார்கள். அவர் மட்டும் இல்லை.

"சேத்தா டென்ஷன் ஆயிடுவார் அத்தை" என்றாள் மருமகள்.

கொழுந்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போயிற்று, கண் இரண்டும் சிரித்தன.

"வாங்க அண்ணி. நான்... வந்து..."

"நல்லா இருக்கேன்னு சொல்றார்" என்றான் மகன்.

"இல்ல... அந்த..."

"மாத்திரை எல்லாம் சாப்பிட்டாச்சாம் அத்தை" என்றாள் மருமகள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். இப்படியே பதினான்கு மாதம் மூடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. முப்பத்தொரு வருஷம் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட வேலையில் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த பாடம், வாதம் வந்தவர் பேச ஆரம்பித்தால் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் நாம் வாயைத் திறக்க வேண்டும் என்பது. ஊசி போடக் கற்பதைவிட அது கடினம்.

இரண்டு பேரையும் காபி போட அனுப்பினேன். ஒரு காபிக்கு எதற்கு இரண்டு பேர் என்று கேட்காமல் போனார்கள். குழுவாகச் செய்வது அந்த வீட்டுப் பழக்கம்.

"இப்ப சொல்லுங்க. அங்க போக இஷ்டமா?"

எண்ணினேன். எட்டில் பதில் வந்தது.

"செத்தாலும்... இங்கதான்."

"அப்ப ஏன் இறங்க மாட்டேங்கறீங்க?"

"கம்பி..." என்றார். நான் ஐந்து எண்ணுவதற்குள் சமையலறையிலிருந்து மகன் குரல் கொடுத்தான்.

"கம்பி ரொம்ப ஸ்ட்ராங்குப்பா! யானை பிடிச்சாலும் அசையாது! பெரியம்மா, அவர் எப்பவும் இதையேதான் கேப்பார்."

"நீ பாலைப் பாருடா!" என்று கத்திவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினேன்.

"கம்பி... தப்பான பக்கம் அண்ணி."

வெளியே போய்ப் பார்த்தேன். வெட்கக்கேடு. படி நெடுக ஒரே பக்கம்தான் கைப்பிடிக் கம்பி. ஏறும்போது அது வலது கைக்கு வரும், இறங்கும்போது இடது கைக்கு. அவருக்கு இடது கை டம்ளரைக்கூடப் பிடிக்காது. ஏறுகிறவர் ஏன் இறங்கவில்லை என்று கண்டுபிடிக்க ஆலோசகர் எதற்கு, படியில் ஒரு தடவை இடது கையை மடக்கிக்கொண்டு நடந்து பார்த்தால் போதும். கம்பிக்கு நிறம் தேர்ந்தெடுக்க மட்டும் மூன்று வாரம் பேசினார்களாம். எதிர்ப்பக்கம் போட்டால் வாசலில் எடுக்கிற போட்டோவில் பள்ளத்தாக்கு மறையும் என்று விட்டுவிட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் குடும்பக் கூட்டம். வெளியூர் மகள் கணினித் திரையில் வந்தாள். பொருள்: அப்பா. அப்பாவுக்கு அழைப்பில்லை. நான் அவரை வாசலுக்குக் கூட்டிப் போனேன்.

"உங்க பழைய வேலை பெல்ட் இருக்கா?"

இருந்தது. ஸ்பேனர் தொங்கவிடுகிற தடித்த தோல் பெல்ட். அதை அவர் இடுப்பில் இறுக்கிக் கட்டினேன்.

"இப்ப திரும்புங்க. வீட்டைப் பாத்து நில்லுங்க. கம்பி எந்தக் கையில வருது?"

அவர் வலது கை தானாகப் போய்க் கம்பியைப் பிடித்தது. கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார்.

"பின்னாடியே... இறங்கணுமா?"

"தளர்ந்த கால் முதல்ல கீழ. நல்ல கால் அப்புறம். நான் ஒரு படி கீழ நின்னு பெல்ட்டைப் பிடிச்சிருக்கேன். விழுந்தா என் மேலதான் விழுவீங்க. எனக்கு எழுபது வயசு, பாத்து."

மூன்று படி இறங்கி ஏறினோம். பிறகு பத்து. உள்ளே மகள் "அப்பாவோட மனநிலையைத்தான் நாம முதல்ல மாத்தணும்" என்று திரையில் பேசிக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது. சாயங்காலத்துக்குள் நாற்பது படி ஆயிற்று.

திங்கட்கிழமை அந்த இல்லத்து அம்மாள் ஏறி வந்து, மேல்படியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டாள். மூச்சு அடங்கியதும் படிவத்தை எடுத்தாள்.

"படி இறங்குவாரா?"

"மாட்டார்" என்றான் மகன்.

"இ..." என்று ஆரம்பித்தார் கொழுந்தனார்.

"இல்லேன்னு அவரே..."

"வாயை மூடுடா" என்றேன். பெரியம்மா என்கிற முறைக்கு அந்த உரிமை உண்டு. அந்த அம்மாளும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தாள். நல்ல பொம்பளை.

"இறங்குவேன்" என்றார். "வாங்க... காட்டறேன்."

திரும்பி நின்றார், கம்பியைப் பிடித்தார், முதுகைக் காட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். மருமகள் அலறினாள். மகன் "அப்பா, ரிஸ்க்! ரிஸ்க்!" என்று கூவிக்கொண்டே போனில் படம் பிடித்தான். நான் பெல்ட்டைப் பிடித்தபடி ஒரு படி கீழேயே இறங்கினேன். மற்றவர்கள் மேலிருந்து பின்தொடர்ந்தார்கள். எழுபத்தொரு படிக்கு இருபத்தாறு நிமிஷம் பிடித்தது. நடுவில் மூன்று தடவை நின்றார், இரண்டு தடவை எனக்காக. ரோட்டோரம் இருந்த பஸ் நிறுத்த பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் சட்டை முழுக்க வேர்வை.

அந்த அம்மாள் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமாக இறங்குபவருக்குக் கட்டம் இல்லையாம். 'இறங்குவார்' என்ற இடத்தில் குறி போட்டாள்.

"இவருக்கு எங்க இல்லம் வேண்டாங்க. எதிர்ப்பக்கமும் ஒரு கம்பி போடுங்க. அதுவரைக்கும் இறங்கும்போது ஒருத்தர் கூட இருங்க, போதும்."

மகன் முகம் தொங்கிப்போனது. சந்தோஷப்பட வேண்டிய செய்தி என்பது அவனுக்கு உடனே எட்டவில்லை.

"அப்ப பெரியம்மா, அந்தப் பள்ளத்தாக்கு... போட்டோல..."

கொழுந்தனார் கையை உயர்த்தினார். அவனுக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகவே எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. முதல் தடவையாக அவன் காத்திருந்தான். ஏழில் வந்தது.

"கம்பியை... நானே நின்னு போடவைப்பேன். நீ... நிறம் மட்டும் சொல்லு."

பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, போகிற வருகிறவரை எல்லாம் விசாரித்தார். வெயில் ஏறியதும் வீட்டுக்குக் கிளம்பினோம், மகனும் மருமகளும் முன்னால். ஏறுவது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இருபதாவது படியில் மகன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். முப்பத்தைந்தாவது படியில் மருமகள் கம்பியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கம்பியைப் பிடித்து ஏறி வந்த அவர் வலது கை அவள் தோள்வரை வந்து நின்றது.

"கொஞ்சம்... தள்ளும்மா" என்றார்.

அவள் தள்ளி உட்கார்ந்தாள்.