இடது பக்கத்து நாற்காலி

துபாய் கராமாவில் நான் சமைத்துப் போட்ட அமெரிக்க வாத்தியார் நெட்டையானவர். மதுரையில் இருந்தவர், தமிழ் பேசுவார். சாப்பாட்டு மேசைக்கு எதிரே இரண்டு காலி நாற்காலிகள் போட்டிருப்பார். யாரையும் அவற்றில் உட்கார விடமாட்டார்.

ஒருநாள் காரணம் கேட்டேன்.

"எங்க நாடு புதுசா உண்டானப்போ சட்டசபைத் தேர்தலுக்குச் சில ஊர்ல ஓட்டுச்சீட்டு கிடையாதும்மா. போட்டி போடறவங்க முன்னால உட்கார்ந்திருப்பாங்க. யாருக்கு ஓட்டுன்னு முகத்துக்கு நேரா சத்தமாச் சொல்லணும். அவர் எழுந்து நன்றி சொல்வார். இந்த நாற்காலிங்க அப்படிப் போட்டி போட்ட ரெண்டு பேரோடது. இடது பக்கத்தவர் ஒரே ஓட்டுல தோத்தவர். இன்னும் எழுந்து போகலை. நான் ஓட்டுப் போட்டும் நகரலை. நீங்க போடுங்களேன்."

"அப்போ பொம்பளைங்க போட்டாங்களா சார்?"

"அங்கே விடலைம்மா."

எனக்குச் சுருக்கென்றது. ஊரில் எந்தச் சின்னம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நான் குத்திவிட்டு வருவேன். கரண்டியைக் கீழே வைத்தேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "என் ஓட்டு இடது பக்கத்து ஐயாவுக்கு!" என்று உரக்கச் சொன்னேன்.

ஜன்னல் மூடியிருந்தது. ஆள் எழுந்திருப்பதுபோல அந்த நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்தது. வாத்தியார் முகம் வெளுத்துவிட்டது.

"போயிட்டார்," என்றார்.

மறுநாள் அதில் வாத்தியாரே உட்கார்ந்து சாப்பிட்டார். வலது பக்கத்து நாற்காலியை மட்டும் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஊருக்கு வந்தபின் நானாகவே யோசித்து ஓட்டுப் போடுகிறேன். இயந்திரம் பீப் என்று கத்துவதோடு சரி. என் ஓட்டுக்காக எழுந்து நின்றவர் அந்த இடது பக்கத்து ஐயா ஒருவர்தான்.