என் நூறு டிகிரி

எனக்குக் காய்ச்சல் வந்தால் எங்கள் கடலூர் வீட்டில் இரண்டு தீர்ப்புகள் வரும். மனைவி புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்து, "ஒன்னுமில்ல, எழுந்திரிங்க" என்பாள். நான் தெர்மாமீட்டரை உதறி நாக்குக்கடியில் வைத்து எடுத்தால் நூறு காட்டும். பாதரசத்தோடு யார் வாதாட முடியும்? அந்த நூறு என்னைப் பல காதுகுத்துகளிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

போன வைகாசியில் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கம்மாபுரத்தில் வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வைத்தான். அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டதாகப் பஞ்சாங்கம் சொன்னது. கம்மாபுரத்து வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை. பந்தியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. ஒரு வாரம் முன்பே எனக்கு நூறு வந்துவிட்டது.

மச்சானுக்குச் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் வேலை, இப்போதைக்குக் குடித்தனமும் அங்கேதான். போனில் சொன்னான்: "மாமா, எங்க தெருவுக்குப் பின்னால ரிட்டயர்டு சார் ஒருத்தரு தெர்மாமீட்டர் மியூசியம் வச்சிருக்காரு. ஒங்களுத எடுத்துட்டு வாங்க. அது சரியா காட்டுதுன்னு அவரு சொல்லிட்டா, நீங்க பந்திக்கே வர வேணாம்."

இப்படியாக, காய்ச்சலை நிரூபிக்க ஒரு காய்ச்சல்காரன் உச்சி வெயிலில் மனைவியோடு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினான்.

மச்சான் எங்களைக் கூட்டிப்போன மியூசியம் என்பது சாரின் வீட்டு முன்னறை. அவர் பிஸிக்ஸ் சொல்லிக்கொடுத்தவர்; ஆதியிலிருந்து ஆரம்பித்தார். முதலில் தண்ணீரில் தலைகீழாக நின்ற ஒரு கண்ணாடிக் குடுவை. உருண்டைப் பகுதியை உள்ளங்கையால் பொத்தினால் குழாயில் தண்ணீர் இறங்கியது.

"இதுல நம்பரே இல்லையே சார்?"

"கெடையாது. முன்ன இருந்தத விட சூடா, இல்லையா, அவ்ளோதான் சொல்லும்."

"எங்க வீட்லயும் ஒன்னு இருக்கு" என்று மனைவியின் கையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் அடுத்த அலமாரிக்கு நகர்ந்தேன்.

நம்பர் வேண்டுமென்றால் மாறாத இரண்டு புள்ளிகள் வேண்டுமாம். இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டுக்கொள்ளலாம். ஒரு காலத்தில் கொதிக்கும் தண்ணீரைப் பூஜ்யமாகவும் உறையும் தண்ணீரை நூறாகவும் வைத்திருந்து, பிறகு தலைகீழாக்கினார்களாம். காய்ச்சல் ஏற ஏற நம்பர் இறங்கும் ஊரில் மனிதன் எப்படி லீவு கேட்பான் என்று யோசித்தேன். சூளைக்குள் வைக்கும் மண் கூம்புகளும் இருந்தன. வேண்டிய சூடு வந்ததும் தலை சாய்க்குமாம். அதைக் குனிந்து பார்த்தேன், தொட்டுப் பார்த்தேன், இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டேன்.

"மாமா, காய்ச்சக்காரரு மாதிரி கொஞ்சம் உக்காருங்க" என்றான் மச்சான்.

அப்போதுதான் வந்த வேலை நினைவுக்கு வந்தது. சார் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் என்னுடையதையும் தன்னுடையதையும் சேர்த்து வைத்தார். எல்லாரும் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ரெண்டு டிகிரி ஜாஸ்தி காட்டுது. உள்ள நம்பர் எழுதின பட்ட கீழ சரிஞ்சிருக்கு, பாருங்க. ரொம்ப நாளாவே இப்படித்தான் இருந்திருக்கும்."

மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. "பந்திக்கு வெள்ள வேட்டி எடுத்து வச்சிடறேன்" என்றாள்.

"இத எனக்குக் குடுத்துடுங்களேன்" என்றார் சார். "சரியா காட்டுறது எங்கிட்ட நெறைய இருக்கு."

கொடுத்தேன். கண்ணாடிக் குடுவைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

கம்மாபுரத்தில் மூன்று பந்தி முடியும்வரை வெயிலில் நின்றேன். அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும் உடம்பு நடுங்கியது. வழக்கம்போல அலமாரியைத் திறந்தேன். காலிப் பெட்டிதான் இருந்தது. மனைவி வந்து புறங்கையைக் கழுத்தில் வைத்தாள். இந்த முறை கையைச் சட்டென்று எடுத்துவிடவில்லை.

"சுடுது. படுங்க."

"எவ்வளவு இருக்கும்?"

யோசித்தாள். "ரசஞ்சோறு அளவுக்கு இருக்கு. கஞ்சிக்கு இன்னும் ஏறல."