வெல்டிங் கண்ணாடி

மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கும் பொருந்தும் என்று கடைக்காரர் சொன்ன விஆர் ஹெட்செட்டையே தேர்ந்தெடுத்தேன். ஆவடி வீட்டில் அதை முதலில் மாட்டிப் பார்த்தது நான்தான். நெற்றியில் பட்டை இறுகியது, கண்முன்னே கும்மிருட்டு. சிறுவயதில் அப்பாவின் வெல்டிங் முகமூடிக்குள் தலையை விட்டால் இதே இருட்டுதான்.

அப்பாவுக்கு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை. சூரிய கிரகணத்தன்று முகமூடியின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் தந்தார். "பாத்துட்டு திருப்பி மாட்டிடு கண்ணு."

தெருப் பிள்ளைகளோடு மாற்றி மாற்றிப் பார்த்ததில் அது விழுந்து நொறுங்கியது. வெறும் முகமூடியை அவர் பையில் வைத்துவிட்டு, "மாட்டிட்டேன்பா" என்றேன்.

பட்டறையில் வேறு கண்ணாடி வர ஒரு வாரம் ஆனது. அதுவரை கண்களை மூடிக்கொண்டே பற்றவைத்தார். "கண்ணுல மண்ண கொட்னாப்ல கீது" என்பார். அம்மா உருளைக்கிழங்கைச் சீவி இமைகள்மேல் வைத்துக் கட்டினாள். சீழ் பிடித்து வலது கண் போயிற்று. இடது கண்ணுக்குத் தடித்த கண்ணாடி. என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் மகள் ஹெட்செட்டைத் தாத்தாவுக்கு மாட்டிவிடப் போனாள். அவர் அதை வாங்கி விரல்களால் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உள்ள கண்ணாடி கீதில்ல கண்ணு?"