ஜெபத்தில் வந்த பெயர்

சிதறாலுக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து காலேஜ் படியேறிய முதல் ஆள் ஜான்ரோஸ். 1931-இல் பி.ஏ. பரீட்சையில் இங்கிலீஷில் மட்டும் தோற்றுப்போய், திருவனந்தபுரத்திலிருந்து பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தான். தோற்றதுகூட அவனுக்கு அத்தனை கசக்கவில்லை. செப்டம்பரில் திரும்ப எழுதலாம். ஊரே அவனிடம் மெதுவாகப் பேசத் தொடங்கியதே, அதுதான் பொறுக்கவில்லை.

"கஞ்சி குடி மக்களே, ஒண்ணும் யோசிக்காத" என்றார் அப்பா, காய்ச்சல்காரனிடம் பேசுவதுபோல. ஜான்ரோஸ் கஞ்சிச் சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தான்.

படிப்புச் சூடு தலைக்கேறிவிட்டது என்று அன்றைக்கே ஊரில் முடிவாயிற்று. சபை உபதேசியார் ஞானதாசன் வந்தார். "புத்தகம் இவன் கண்ணுல படப்பிடாது" என்று அத்தனையையும் கட்டி எடுத்துப்போய் ஆலயத்து அலமாரியில் பூட்டினார். ஞாயிறுதோறும் ஜெபத்தில், படுக்கையில் கிடக்கும் கிழவிகளின் பெயர்களுக்குப் பின்னால் அவன் பெயரும் வந்தது: "புத்தி தளர்ந்த வாலிபன் ஜான்ரோஸுக்காக..."

அவன் கோபப்பட்டால் நோய் முற்றுகிறதாம். பேசாமலிருந்தால் ஜெபம் பலிக்கிறதாம். என்னதான் செய்வான்?

அக்கா நேசபாய் ஒருத்திதான் பழையபடி இருந்தாள். லேஸ் பின்னிக்கொண்டே ஏசுவாள்.

"ஏலே, சட்டிய ஒடச்ச கையி வெள்ளம் கோர நோவுமோ?"

"எனக்குப் புத்தி சரியில்லியாம். நீ கேக்கலியா?"

"கெணத்துக்கு அது தெரியாது. போ."

பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் இறைப்பான். நாள் முழுவதிலும், அவளோடு மல்லுக்கட்டிய அந்த நேரத்தில்தான் அவன் ஒழுங்கான மனுஷனாக இருந்தான்.

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. அந்த ஞாயிறு தன் பெயர் வந்ததும் ஜான்ரோஸ் எழுந்து நின்றான்.

"உபதேசியாரே, ஜெபம் போதும். புத்தகத்தத் தாரும்."

"பாத்தியளா, கூடிப்போச்சு" என்றார் உபதேசியார், மெய்யான வருத்தத்தோடு. இரண்டு பேர் அவன் தோளைப் பிடிக்க வந்தார்கள்.

பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து நேசபாய் எழுந்தாள். "அவனுக்குக் கிறுக்கு ஒண்ணும் இல்ல உபதேசியாரே. திமிரு. பொறந்த அண்ணு மொதலே உள்ளது. அதுக்கு ஜெபிக்கணும்னா எனக்க அப்பாவுக்கும் சேத்து ஜெபியுங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். அப்பா சிரிப்பை அடக்க இருமினார். பிடிக்க வந்த கைகள் தாழ்ந்தன. சிரிக்கிற சபையின் நடுவில் சாவியைத் தராமல் உபதேசியாரால் நிற்க முடியவில்லை.

ஜான்ரோஸ் தேறினான். "நம்ம ஜெபத்துக்குக் கெடச்ச பதில்" என்று உபதேசியார் ஆலயத்தில் அறிவித்தபோது அவனுக்கு மறுபடியும் ரத்தம் கொதித்தது. வீடு வந்தும் அடங்கவில்லை. அக்காவின் முன்னால் நின்று பொருமினான்.

நேசபாய் நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பி.ஏ. ஆயாச்சுல்லா. தொட்டியில வெள்ளம் இல்ல."

உபதேசியாரைத் திட்டிக்கொண்டே அவன் வாளியை எடுத்தான்.